லீவில் டெஸ்ட் எடுத்தேன், ஹெச்பிஏ1சி 6.2. யூனிட்டில் சொல்லலாமா?

குடியாத்தம்_ஹவில்தார் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ராணுவத்தில் சேர்ந்து 16 வருடம் ஆகிறது. வயது 36. ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மாவுக்கு சுகர் பார்க்க லேபுக்குக் கூட்டிப்போனபோது, "நீயும் ஒரு தடவை பார்த்துடுடா" என்றார். பார்த்தேன். வெறும் வயிற்றில் 118, ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத சர்க்கரையின் சராசரி காட்டும் டெஸ்ட்) 6.2. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அப்பாவுக்கு சுகர். ஒரு கால் விரலை எடுத்தார்கள். அதனால் இந்த நோய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் குண்டு கிடையாது. உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ. 2.4 கி.மீ. ஓட்டத்தை இன்றைக்கும் நேரத்துக்குள் முடிக்கிறேன். பேண்ட் மட்டும் 34-லிருந்து 36-க்குப் போயிருக்கிறது.

அடுத்த வருடம் நாயிப் சுபேதார் பதவிக்கு என் பெயர் வரும். மூன்று மாதத்தில் வருடாந்திர மெடிக்கல். "ஒரு மாசம் சோறைக் குறை, இனிப்பைத் தொடாதே, தானா இறங்கிடும், யாரிடமும் சொல்லாதே" என்கிறார்கள் கூட இருக்கிறவர்கள். லோ மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதி குறைந்தவர் என்ற பிரிவு) போட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் உண்மையாகவே இருக்கிறது. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_மதராசி

தம்பி, நான் சுபேதாராக ஓய்வு பெற்றவன். உன் கேள்வியைப் படித்ததும் 2009-ல் நான் ஊரில் உட்கார்ந்திருந்த அதே திண்ணை ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு அப்போதே முழு சுகர், 7-க்கு மேல். யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கி, டிரங்குப் பெட்டியில் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போனேன். கிளிமிபிரைடு மாத்திரை. மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பிருந்து பட்டினி மாதிரிதான் கிடப்பேன். இப்படியே நாலு வருடம் தள்ளினேன்.

ஒரு நாள் ரோந்து போய்த் திரும்பி, சரியாகச் சாப்பிடாமல் இரவு சென்ட்ரி டூட்டியில் நின்றேன். திடீரென்று உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், எதிரே இருப்பது மரமா மனிதனா என்று பிடிபடவில்லை. கையில் லோடு செய்த ரைஃபிள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது, ஆனால் வாய் திறந்து சொல்ல வரவில்லை. சட்டைப்பையில் கிடந்த இரண்டு மிட்டாய்தான் காப்பாற்றியது. அன்று நான் தவறுதலாகச் சுட்டிருந்தால், அடிபடுவது என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பையன்தான். அவன் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் கலைகிறது.

ஒளித்ததால்தான் சுபேதார் ஆனேன், அதை மறுக்கவில்லை. ஷேப்-1, அதாவது முழு உடல்தகுதி உள்ளவன் என்றே வெளியே வந்தேன். வந்த இரண்டாவது வருடம் இடது கண்ணில் திரை போட்ட மாதிரி ஆயிற்று. விழித்திரையில் ரத்தக் கசிவு. லேசர் வைத்தார்கள். பார்வை பாதிதான் திரும்பியது. சர்வீஸில் வந்த நோய் என்று பென்ஷனுக்கு எழுதலாம் என்று போனால், என் காகிதம் முழுக்க "ஃபிட், ஃபிட், ஃபிட்" என்றுதான் இருக்கிறது. நானே எழுதவைத்த காகிதம்.

உனக்கு வந்திருப்பது நான் ஒளித்த இடத்துக்கு முந்தைய படி. இந்தப் படியிலேயே நின்றுவிடலாம். ஒளித்தால் நிற்க முடியாது.

---

எம்ஐரூம்_அண்ணன்

ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து வெளியே வந்தவன் நான். சுபேதார் சாப் சொன்னதை நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். தம்பிக்கு முதலில் எண்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

உங்களுக்கு இருப்பது சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முன்நிலை என்று பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். 126, 6.5 என்ற கோட்டைத் தொட்டால்தான் நோய். (உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுக் கணக்கை 110-லிருந்து தொடங்கும். உங்கள் 118 இரண்டு கணக்கிலும் மாட்டுகிறது.) இன்னொரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. அதில் 140 முதல் 199 வரை முன்நிலை, 200-ஐத் தொட்டால் நோய். வெறும் வயிற்றில் சுமாராக இருந்து, இதில் 200 தாண்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதை எடுக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்புறம், பட்டினி கிடந்து ஏமாற்றலாம் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதில் ஒட்டிய சர்க்கரை ஒரு வாரப் பட்டினியில் கழன்று போகாது. குளுக்கோஸ் பரிசோதனைக்கு முன்னால் சில நாள் சோறு, சப்பாத்தியை அடியோடு நிறுத்தினால் ரிசல்ட் ஏறிப்போகவும் செய்யும். உடம்பு மாவுச்சத்து வராது என்று பழகிய நேரத்தில் திடீரென்று 75 கிராமைக் கொட்டினால் சமாளிக்கத் திணறும். அதனால்தான் மூன்று நாள் முன்பிருந்து வழக்கமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வோம். ஏமாற்றப் போய் இல்லாத நோயை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

கேட்டகரி பற்றி: ஷேப் என்பதில் ஐந்து எழுத்து. மனநிலை, காது, கை கால், உடல்திறன், கண். சுகர் 'பி' என்ற உடல்திறன் எழுத்தில் வரும். முதலில் தற்காலிகமாக 24 வாரம் என்று போட்டு, மறுபடி மெடிக்கல் போர்டில் பார்ப்பார்கள். கட்டுக்குள் இருந்தால் மேலே ஏற்றவும் செய்வார்கள். கேட்டகரி போட்டால் வேலை போச்சு என்று பேரக்ஸில் பேசுவது முழு உண்மை இல்லை.

---

நேராப்_பேசுவேன்

இங்கே எல்லோரும் ஓய்வு பெற்றபிறகு பேசுகிறீர்கள். நான் இன்னும் யூனிபார்மில் இருக்கிறேன். தம்பியிடம் உண்மையைச் சொல்ல யாராவது வேண்டும்.

கேட்டகரி விழுந்தால் உயரமான மலைப்பகுதிப் போஸ்டிங் கிடையாது. ஐநா மிஷனுக்குப் பெயர் போகாது. அந்த ஒரு வருடப் பணத்தில்தான் என் கூட்டாளி ஊரில் வீடு கட்டினான். கோர்ஸ், பதவி, இரண்டு வருட சர்வீஸ் நீட்டிப்பு எல்லாவற்றிலும் மெடிக்கலைப் பார்ப்பார்கள். முன்நிலைதானே, இப்போதே ஓடிப்போய்ச் சொல்ல என்ன இருக்கிறது? ஊரிலேயே ஆறு மாதம் டாக்டர் சொல்கிறபடி சாப்பிட்டு இறக்கிவிடட்டும். பதவி வந்த பிறகு மற்றது.

சொல்கிறவனைத் தண்டிக்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஏன் ஒளித்தாய் என்று கேட்பது நியாயமில்லை.

---

பழைய_மதராசி

கடைசி வரி சரி. அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் நீ சொல்கிற அதே "ஆறு மாதம்" என்ற வார்த்தையைத்தான் நானும் 2009-ல் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யூனிட்டுக்குப் போனால் யார் சமைப்பது, யார் பார்ப்பது? லீவில் இருக்கும்வரைதான் அந்த ஒழுங்கு.

---

சர்க்கரை_வைத்தியர்

நான் சென்னையில் சர்க்கரை நோய் சிகிச்சையில் இருக்கிறேன். ராணுவத்தில் இருந்து லீவில் வருகிறவர்கள் பலர் வருகிறார்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: "டாக்டர், நான் தினமும் ஓடுகிறேனே, எனக்கு எப்படி?"

2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைத்திருப்போம். உங்கள் உயரம் எடைக்கு பிஎம்ஐ 23 வருகிறது. நம் நாட்டவருக்கு அதிக எடை தொடங்குவதே 23-லிருந்துதான். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. 36 அங்குலம் என்றால் 91. தராசு சொல்லாததை உங்கள் பேண்ட் சொல்லிவிட்டது.

இன்னொன்று தூக்கம். இரவில் இரண்டு மணி நேரம் டூட்டி, கொஞ்சம் படுக்கை, மறுபடி டூட்டி என்று வருடக்கணக்கில் இருந்தால் இன்சுலின் வேலை செய்கிற திறன் குறையும். பதற்றத்தில் சுரக்கிற கார்ட்டிசால் சர்க்கரையை ஏற்றும். காலையில் ஐந்து கி.மீ. ஓடுவது இதையெல்லாம் முழுக்க அழித்துவிடாது. அப்பாவுக்கும் இருக்கிறது. ஆக நீங்கள் தப்பு எதுவும் செய்யாமலேயே இந்த இடத்துக்கு வந்திருக்கலாம். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு, நம் ஊரிலேயே நிரூபித்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு முன்நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டது. வெறும் பொதுவான அறிவுரையோடு விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு முழு சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. மாத்திரையைத் தேடி ஓட வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓட்டத்தோடு தண்டால், புல்-அப், பளு என்று தசையை வளர்க்கிற பயிற்சியைச் சேருங்கள். சாப்பிட்ட சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். சாப்பிட்டவுடன் படுக்காமல் பதினைந்து நிமிடம் நடங்கள்.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போடுவது பற்றி ஒரு வார்த்தை. சுபேதார் ஐயா சொன்ன கிளிமிபிரைடு சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும், சாப்பாடு தள்ளிப்போனாலோ ரம் சேர்ந்தாலோ இன்னும் மோசம். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மருந்துகள் சிறுநீரில் நீரை வெளியேற்றும், ராஜஸ்தான் வெயிலில் நிற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்த மருத்துவர்தான் உங்களுக்கு மருந்து எழுத வேண்டும். அது உங்கள் யூனிட் மருத்துவர்.

---

பூட்ஸ்_பையன்

நான் அக்னிவீர், சேர்ந்து ஒன்றரை வருடம். எங்கள் வீட்டிலும் சுகர் உண்டு. டாக்டர் சொல்கிற சாப்பாடு வீட்டில் நடக்கும், லங்கரில் (யூனிட் சமையல்கூடத்தில்) எப்படி அண்ணா? தட்டில் போடுவதைத்தானே சாப்பிட முடியும்?

---

எம்ஐரூம்_அண்ணன்

நல்ல கேள்வி தம்பி. லங்கரில் என்னென்ன மாட்டும் என்று பார்ப்போம். முதல் வில்லன் டீ. அங்கே பாலும் சர்க்கரையும் சேர்த்தே பெரிய பாத்திரத்தில் கொதிக்கும். ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலும் பத்து கிராம். குளிர்ப் பிரதேசத்தில் நாளைக்கு ஆறு டம்ளர் சாதாரணம், அதிலேயே அறுபது கிராம். லங்கர் கமாண்டரிடம் சர்க்கரை போடுவதற்கு முன்னால் ஒரு கெட்டில் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் நிச்சயம் செய்வார்கள். எங்கள் யூனிட்டில் நடந்தது.

அடுத்து, பருப்பும் காய்கறியும் சாலடும் முதலில், சோறும் ரொட்டியும் பிறகு. அதே சாப்பாடுதான், வரிசை மாறினாலே சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும். ஞாயிறு பூரி, அல்வா, பராகானா என்கிற யூனிட் விருந்து எல்லாம் இருக்கட்டும், இரண்டாவது தடவை தட்டை நீட்டாதீர்கள்.

2023-ல் ராணுவம் சிறுதானியத்தை ரேஷனில் திரும்பக் கொண்டுவந்தது. அரிசி, கோதுமை மாவு ஒதுக்கீட்டில் 25 சதவீதம் வரை கம்பு, சோளம், கேழ்வரகு மாவாக வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் முன்பு கோதுமைக்காகக் கைவிட்டதை மறுபடி எடுத்திருக்கிறார்கள். உங்கள் யூனிட்டில் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த நாம் கேட்காமல் யார் கேட்பது? ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம்.

---

பட்டாளத்துக்_குடும்பம்

நான் வேலூர் மாவட்டம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். இங்கே யாரும் இன்னும் பேசாத ஒன்றைச் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரர் 38 வயதில் ஓய்வு பெற்று வந்தார். அன்றோடு ஓட்டம் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. ரோந்து போன காலத்தில் தின்ற அதே ஏழு சப்பாத்தி. கேண்டீன் கோட்டா வேறு. ஆறு மாதத்தில் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு செக்யூரிட்டி வேலை, நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம். இரண்டே வருடத்தில் 11 கிலோ ஏறியது. ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை) வேறு எதற்கோ போனபோது பார்த்தால் சுகர் 280.

ஆரம்பத்தில் நானும் தவறு செய்தேன். லீவில் வருகிறார், நல்லது சாப்பிடட்டும் என்று இருபது நாளும் விருந்துதான் வைப்பேன். மாமியார் வீடு, அக்கா வீடு என்று போகிற இடமெல்லாம் பிரியாணி, பாயசம். பாசம்தான், ஆனால் உடம்பு அதைக் கொழுப்பாகத்தான் எழுதி வைத்தது. குடியாத்தம் தம்பி, உங்கள் வீட்டம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டீர்களா? அவர்களுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் மாறாது.

---

குடியாத்தம்_ஹவில்தார்

அக்கா, இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

பென்ஷன் பற்றி சுபேதார் சாப் சொன்னதை யாராவது கொஞ்சம் விளக்க முடியுமா?

---

தீர்ப்பாயம்_பக்கம்

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் இந்த மாதிரி வழக்குகளில் உதவி செய்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

இயலாமைப் பென்ஷனுக்கு இரண்டு விஷயம் பார்ப்பார்கள். நோய் சர்வீஸால் வந்ததா அல்லது சர்வீஸால் மோசமானதா, இயலாமை குறைந்தது 20 சதவீதமா. ஓய்வுக்கு முன் நடக்கிற மெடிக்கல் போர்டு இதை எழுதும். சுகர் என்றால் பல போர்டுகள் "வாழ்க்கைமுறை நோய், சர்வீஸுக்குத் தொடர்பில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம்.

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு வந்தது சர்வீஸால் வந்ததாகக் கருத இடமுண்டு, இல்லை என்றால் போர்டுதான் காரணம் காட்ட வேண்டும். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சர்க்கரை நோய் வழக்கு ஒன்றிலேயே, பீஸ் ஸ்டேஷனில் (போர்ச்சூழல் இல்லாத முகாமில்) இருந்தபோது வந்தது என்பது மட்டும் மறுக்கப் போதிய காரணமில்லை என்றது.

ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவருக்குப் பழைய தீர்ப்புகளை அப்படியே நம்பி யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். எந்த விதியானாலும் ஒன்று மாறாது. நோய் எப்போது தொடங்கியது, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது சர்வீஸ் மருத்துவ ஆவணத்தில் இருக்க வேண்டும். தனியார் லேப் சீட்டு அந்த இடத்தை நிரப்பாது. ஒளித்தவருக்காக வாதாட என்னிடம் எதுவும் இருப்பதில்லை. சுபேதார் ஐயா மாதிரி எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

---

நேராப்_பேசுவேன்

இது எனக்குத் தெரியாது. ஆவணம் பற்றி நான் யோசித்ததே இல்லை. பதவி பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் "பிறகு சொல்" என்றதை வாங்கிக்கொள்கிறேன்.

---

குடியாத்தம்_ஹவில்தார் (ஏழு வாரம் கழித்து)

யூனிட்டுக்குத் திரும்பி இரண்டாவது நாளே லேப் சீட்டை எடுத்துக்கொண்டு யூனிட்டின் மருத்துவ அறையான எம்ஐ ரூம் போனேன். வாசலில் பத்து நிமிடம் நின்றேன், உண்மையைச் சொல்கிறேன். எங்கள் ஆர்எம்ஓ (யூனிட் மருத்துவர்) என்னைவிடச் சின்ன வயது. சீட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 158. முன்நிலைதான், நோய் இல்லை. மருந்து எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மெடிக்கலில் என்ன எழுதுவார்கள் என்று இன்னும் தெரியாது. பதவியும் தெரியாது. ஆனால் டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை.

டீ கெட்டில் நடக்கிறது. முதலில் நான் மட்டும், இப்போது ஒன்பது பேர். சாயங்காலம் சாப்பிட்டதும் லைனைச் சுற்றி நடக்கிறோம். என் செக்‌ஷனில் இரண்டு பேர் தனியாக வந்து, "நாங்களும் பார்க்கணும் உஸ்தாத்" என்றார்கள். ஒருவனுக்கு 27 வயதுதான். நாளைக் காலை கூட்டிப்போகிறேன்.

ராத்திரி போனில் மகள் "இன்னைக்கு எத்தனை டீ?" என்று கேட்கிறாள்.

---

பழைய_மதராசி

படித்தேன் தம்பி. அந்த 27 வயதுப் பையனை ஒளிக்க விடாதே. மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகும்போது கண் பிரிவில் விழித்திரையையும் ஒருமுறை காட்டிவிட்டு வா. சொட்டு மருந்து போட்டுப் பார்ப்பார்கள், நாலைந்து மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஒருவனைக் கூட்டிக்கொண்டு போ.